பெட்ரோல் பங்கிலிருந்து பயங்கரவாதி வரை: நடுவில் என்ன நடக்கிறது?

2003 ஜனவரியில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு விளம்பரம் வந்தது. சில நிலையங்கள் அதை ஒளிபரப்பவே மறுத்துவிட்டன. குழந்தைக் குரல் ஒன்று ஜார்ஜ் என்பவரை அறிமுகப்படுத்தும். அவருடைய பெரிய வண்டி பெட்ரோல் குடிக்கும். அந்தப் பெட்ரோல் எந்த நாட்டிலிருந்து வருகிறது என்று வரைபடம் காட்டும். கடைசிப் படத்தில் பயங்கரவாதிகள் நிற்பார்கள். நாலே படத்தில் கணக்கு முடிந்துவிடும்: நீ டேங்கை நிரப்புகிறாய், அவன் துப்பாக்கி வாங்குகிறான்.

அதற்குப் பத்து மாதம் முன்பு, மெக்சிகோவின் மான்டெர்ரே நகரில் நடந்த ஐ.நா. மாநாட்டில் இன்னொரு ஜார்ஜ் பேசினார். அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ். பயங்கரவாதத்துக்கு நம்பிக்கை ஒரு பதில், அதனால்தான் வறுமையை எதிர்த்துப் போராடுகிறோம் என்றார். ஏழை நாடுகளுக்குத் தரும் உதவியை உயர்த்தப்போவதாகவும் அறிவித்தார்.

செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு இந்த இரண்டு கருத்துகளும் உலகம் முழுக்கப் பரவின. எண்ணெயைக் குறைத்தால் பயங்கரவாதம் குறையும். உதவியைக் கூட்டினால் பயங்கரவாதம் குறையும். என் நண்பர் ஒருவர் மின்சார ஸ்கூட்டர் வாங்கிய அன்று, "இனிமே என் காசு ஒரு பைசாகூட தீவிரவாதிக்குப் போகாது" என்று பெருமையாகச் சொன்னார். ஸ்கூட்டர் நல்ல ஸ்கூட்டர்தான். கணக்குதான் இடிக்கிறது.

எரிபொருள் கொள்கைக்கும் வெளிநாட்டு உதவிக்கும் பயங்கரவாதத்துக்கும் தொடர்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. தொடர்பு உண்டு. ஆனால் அது மக்கள் விரல் நீட்டும் இடத்தில் இல்லை, வேறு இடத்தில் இருக்கிறது. இந்தப் பேச்சு சூடாக நடந்தது அமெரிக்காவில் என்பதால் அங்கிருந்தே எடுத்துக்கொள்கிறேன்.

எண்ணெய்ச் சந்தை ஒரு கண்மாய்

ஊர்க் கண்மாயை நினைத்துக்கொள்ளுங்கள். நாலு ஓடை வழியாகத் தண்ணீர் வருகிறது. பத்து மடை வழியாக வயலுக்குப் போகிறது. "தெற்கு ஓடைத் தண்ணி எனக்கு வேண்டாம், வடக்கு ஓடைத் தண்ணி மட்டும் போதும்" என்று ஒருவர் மடையில் நின்று சொன்னால் ஊரே சிரிக்கும். உள்ளே வந்து சேர்ந்தபின் எல்லாம் ஒரே தண்ணீர். அவர் வயலுக்கு எவ்வளவு பாயும் என்பதை முடிவு செய்வது கண்மாயின் நீர்மட்டம்.

கச்சா எண்ணெயும் கிட்டத்தட்ட அப்படித்தான். உலகம் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 10 கோடி பீப்பாய் எண்ணெய் செலவழிக்கிறது. ஒரு பீப்பாய் என்பது 159 லிட்டர். கப்பல்கள் விலை கிடைக்கும் பக்கம் திரும்பும். சவூதி எண்ணெயை நான் வாங்காவிட்டால் அது வேறொருவர் வீட்டுக்குப் போகும். அவர் வாங்கிக்கொண்டிருந்த நைஜீரிய எண்ணெய் என் பக்கம் வரும். சவூதிக்கு வரும் வருமானம் அப்படியே இருக்கும். எண்ணெயில் தரப் பிரிவுகள் உண்டு, எல்லா ஆலையும் எல்லா எண்ணெயையும் சுத்திகரிக்காது. அந்த நுணுக்கம் இங்கே தேவையில்லை.

இதற்கு வரலாறே சாட்சி சொல்கிறது. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய்த் தடை விதித்தன. குறி வைத்தது முக்கியமாக அமெரிக்காவையும் நெதர்லாந்தையும். ஆனால் அரபு நாடுகள் மொத்த உற்பத்தியையும் வெட்டியதால் கண்மாயின் மட்டமே இறங்கிவிட்டது. பீப்பாய் 3 டாலர் அளவிலிருந்து 12 டாலர் அளவுக்கு ஏறியது. தடைப் பட்டியலில் இல்லாத இந்தியாவும் அதே விலையைத்தான் கொடுத்தது. அடி பட்டியலைப் பார்த்து விழவில்லை, விலை வழியாக எல்லார் மீதும் விழுந்தது.

இன்னொரு சாட்சி நம் காலத்தது. 2005 வாக்கில் அமெரிக்கா தான் செலவழிக்கும் எண்ணெயில் ஏறத்தாழ 60 சதவீதத்தை வெளியிலிருந்து வாங்கியது. அதில் பாரசீக வளைகுடாவின் பங்கு பலர் நினைப்பதைவிடச் சின்னது. பக்கத்து வீடான கனடாதான் பெரிய வியாபாரி. அப்புறம் பாறையை உடைத்து எண்ணெய் எடுக்கும் ஷேல் தொழில்நுட்பம் வந்தது. 2018இல் உலகிலேயே அதிகமாகக் கச்சா எண்ணெய் எடுக்கும் நாடு அமெரிக்கா. 2020இல் வாங்குவதைவிட விற்பது அதிகம். அரை நூற்றாண்டாக ஒவ்வொரு அதிபரும் வாக்களித்த 'எரிபொருள் சுதந்திரம்' கைக்கு வந்துவிட்டது. சரி, 2022இல் ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்தபோது என்ன ஆனது? ஜூன் மாதம் அமெரிக்க பங்கில் ஒரு கேலன் பெட்ரோல் சராசரியாக 5 டாலரைத் தாண்டியது. சொந்த ஓடையில் வெள்ளம் வந்தாலும் கண்மாய் பொதுக் கண்மாய்தான்.

இதுவரை சொன்னதன் சுருக்கம்: யாரிடம் வாங்குகிறோம் என்பதால் பெரிதாக ஒன்றும் மாறாது. உலகம் மொத்தமாக எவ்வளவு எண்ணெய் எரிக்கிறது, அதனால் விலை எங்கே நிற்கிறது என்பவைதான் விற்பவருக்கு எவ்வளவு பணம் போகிறது என்பதைத் தீர்மானிக்கின்றன.

அப்படியானால் பணம் போகவே இல்லையா?

போகிறது. ஆனால் விளம்பரத்தில் காட்டியதுபோல பங்கிலிருந்து நேராகப் பயங்கரவாதி கைக்குப் போவதில்லை. நடுவில் ஓர் அரசும் ஒரு சமூகமும் இருக்கின்றன.

இரண்டு ஊராட்சிகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று வீட்டு வரியை நம்பி ஓடுகிறது. வரி கட்டியவர் கிராம சபையில் எழுந்து, "தெருவிளக்கு ஏன் எரியல?" என்று கேட்பார், தலைவர் பதில் சொல்லியாக வேண்டும். இன்னொன்றுக்குக் கல்குவாரி ஏலப் பணம் கொட்டுகிறது. அங்கே வரி கிடையாது, பொங்கலுக்கு வேட்டி சேலைகூடக் கிடைக்கும். கேள்வி கேட்பவருக்குத்தான் மரியாதை கிடைக்காது. இயற்கை தந்த ஒரே பொருளின் வருமானத்தில் நடந்து, குடிமக்களின் வரியை நம்பியிருக்கத் தேவையில்லாத அரசை 'வாடகை அரசு' என்கிறார்கள். சவூதி அரேபியா பாடநூல் உதாரணம்.

இப்படிப்பட்ட அரசில் அரசியல் பேச இடமில்லை. மதம் பேச இடமுண்டு. 1970களின் எண்ணெய்ப் பணத்தில் ஒரு பகுதி, தங்கள் இறுக்கமான மத விளக்கத்தை வெளிநாடுகளில் பரப்பப் போனது. பள்ளிவாசல், மதரசா, தொண்டு நிறுவனம் என்று அது பல வடிவில் சென்றது. பெரும்பாலானவை வன்முறையோடு சம்பந்தமில்லாதவை. ஆனால் நன்கொடை ஓடும் குழாய்கள் நிறைய இருந்தால், சிலவற்றில் ஓட்டை போடுவது எளிது.

செப்டம்பர் 11 தாக்குதலை விசாரித்த அமெரிக்க ஆணையம் 2004இல் சொன்னதைக் கவனியுங்கள். தாக்குதலை நடத்திய அல்-காய்தாவுக்குப் பணம் வந்தது பெரும்பாலும் வளைகுடாவில் நன்கொடை திரட்டியவர்கள் மூலமும், சில தொண்டு நிறுவனங்கள் மூலமும். சவூதி அரசு ஒரு நிறுவனமாகவோ, அதன் உயர் அதிகாரிகள் தனிப்பட்ட முறையிலோ அந்த அமைப்புக்குப் பணம் கொடுத்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. அதன் தலைவர் பின் லேடன் தன் சொத்திலிருந்து அள்ளி இறைத்தார் என்பதும் கட்டுக்கதை. இன்னொரு தகவலும் அதில் இருக்கிறது. மொத்தத் தாக்குதலுக்கும் ஆன செலவு 4 லட்சம் முதல் 5 லட்சம் டாலர்.

அந்த எண்ணை இரண்டு முறை படியுங்கள். பெருநகரில் ஓர் அடுக்குமாடி வீட்டின் விலை அளவுதான். எண்ணெய் விலை பாதியாகக் குறைந்தாலும் அந்தத் தொகை திரளாமல் போகாது. அதனால் பணத்தை மறிக்க வேண்டுமென்றால் கிணற்றடியில் நின்று பயனில்லை, குழாயின் ஓட்டையில் நிற்க வேண்டும்: வங்கிக் கணக்கு, தொண்டு நிறுவனத்தின் கணக்குப் புத்தகம், நம் ஆட்கள் 'உண்டியல்' என்று சொல்கிற ஹவாலா. (உண்டியலில் ஊருக்குப் பணம் அனுப்பிய லட்சக்கணக்கான வளைகுடாத் தொழிலாளிகளுக்கும் பயங்கரவாதத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவர்களைச் சந்தேகத்தோடு பார்த்ததும் அந்தக் காலத்தின் தவறுகளில் ஒன்று.)

பணத்தைவிடக் கனமான சங்கிலி

எண்ணெயையும் அல்-காய்தாவையும் இணைத்த உண்மையான சங்கிலி படை. இதை ஏனோ விளம்பரங்கள் காட்டுவதில்லை.

1945 பிப்ரவரியில் சூயஸ் கால்வாய்ப் பாதையில், ஒரு போர்க்கப்பலின் மேல்தளத்தில், அதிபர் ரூஸ்வெல்ட்டும் மன்னர் இப்னு சவூதும் சந்தித்தார்கள். அமெரிக்காவுக்கும் சவூதிக்குமான உறவின் தொடக்கமாக அதைச் சொல்வார்கள். 1980 ஜனவரியில் அதிபர் கார்ட்டர் இன்னும் வெளிப்படையாகப் பேசினார்: பாரசீக வளைகுடாவைக் கைப்பற்ற வெளிச் சக்தி எதுவும் முயன்றால், தேவைப்பட்டால் படைபலம் கொண்டு தடுப்போம். 1990 ஆகஸ்டில் இராக் அதிபர் சதாம் உசேன் குவைத்தைப் பிடித்ததும் அந்தச் சொல் செயலானது. லட்சக்கணக்கான அமெரிக்கச் சிப்பாய்கள் சவூதி மண்ணில் இறங்கினார்கள். போர் முடிந்தபின்பும் ஒரு பகுதியினர் அங்கேயே தங்கினார்கள்.

மக்காவும் மதீனாவும் இருக்கும் நாட்டில் அந்நியப் படை. பின் லேடன் 1996இல் வெளியிட்ட போர் அறிவிப்பின் மையப் புகாரே இதுதான். ஆள் சேர்க்க இதைவிட எளிய வாசகம் அவருக்குக் கிடைத்திருக்காது. எண்ணெய் முக்கியம், அதனால் படை. படை இருக்கிறது, அதனால் புகார். புகார் இருக்கிறது, அதனால் ஆள் சேர்கிறார்கள். பயங்கரவாதத்துக்கு இது ஒன்றே காரணம் என்றால் அது தவறு. ஆனால் எரிபொருள் கொள்கை உண்மையாகத் தொடும் இடம் இது. எண்ணெய் ஒரு நாட்டின் உயிர்நாடியாக இருக்கும்வரை, அந்த வட்டாரத்திலிருந்து படையை எடுக்க எந்த அதிபருக்கும் கை வராது. வண்டிகள் எண்ணெய் குடிப்பதைக் குறைத்தால் அந்தக் கட்டாயம் மெல்லத் தளரும். மெல்ல என்றால் முப்பது வருடக் கணக்கில்.

நடந்தது என்ன தெரியுமா? 2007இல் அமெரிக்கா நிறைவேற்றிய எரிபொருள் சட்டத்தின் பெயரிலேயே 'சுதந்திரம்', 'பாதுகாப்பு' இரண்டும் இருந்தன. வண்டிகளின் மைலேஜை உயர்த்தும் நல்ல பகுதி அதில் உண்டு. கூடவே, பெட்ரோலில் பெருமளவு எத்தனால் கலக்க வேண்டும் என்ற கட்டளையும் இருந்தது. அமெரிக்க எத்தனால் மக்காச்சோளத்திலிருந்து வருவது. சில வருடங்களில் அந்நாட்டு மக்காச்சோளத்தில் பத்தில் நாலு பங்கு எத்தனால் ஆலைக்குப் போனது. மக்காச்சோளம் விளையும் அயோவா மாநில விவசாயிக்கு அது நல்லதாக இருக்கலாம். பின் லேடனுக்கு அதில் என்ன நஷ்டம் என்பதை யாரும் விளக்கவில்லை. தேசப் பாதுகாப்பு என்ற லேபிளை ஒட்டினால் எந்தச் சரக்கும் விலைபோகும்.

கிணறே கைக்கு வந்தால்

எண்ணெய்ப் பணம் நேராகப் பயங்கரவாதிகளின் பெட்டிக்குப் போன ஒரு காலமும் உண்டு. 2014இல் ஐ.எஸ். அமைப்பு சிரியாவின் கிழக்கே டெய்ர் எஸ்-சோர் வட்டாரத்து எண்ணெய் வயல்களைப் பிடித்தது. கச்சா எண்ணெயை லாரிக்காரர்களுக்கு வயலிலேயே ரொக்கத்துக்கு விற்றது. அது குடிசைத்தொழில் போன்ற சிறு சுத்திகரிப்புகளுக்குப் போய், ஊர் ஜெனரேட்டர்களில் எரிந்தது. இடைத்தரகர்கள் வழியே எதிரியான சிரிய அரசுக்கும் கொஞ்சம் போனது.

இந்த எண்ணெய் உலகக் கண்மாய்க்கு வரவே இல்லை, அது உள்ளூர்க் குட்டை. டெக்சாஸிலோ திருச்சியிலோ ஒருவர் சின்னக் கார் வாங்குவதால் அந்தக் குட்டை வற்றாது. வற்ற வைத்த வழி வேறு. 2015 பிப்ரவரியில் ஐ.நா. பாதுகாப்பு அவை 2199ஆம் தீர்மானத்தால் அந்த வியாபாரத்துக்குத் தடை போட்டது. அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்க விமானங்கள் ஒரே தாக்குதலில் 116 டேங்கர் லாரிகளை அழித்தன. ஓட்டுநர்கள் சாதாரணக் கூலிக்காரர்கள் என்பதால், ஓடிப்போகச் சொல்லி முன்கூட்டியே துண்டுச் சீட்டு போட்டார்கள். இது எரிபொருள் கொள்கை இல்லை, போர்.

குழாயும் நீரிணையும்

எரிபொருள் கொள்கை நிச்சயமாக உதவும் இடம் தாக்குதலுக்குப் பிந்தைய நிலைமை. தாக்குதலைத் தடுப்பதில் இல்லை, தாங்குவதில்.

எண்ணெய்க் கட்டமைப்பு பயங்கரவாதிகளுக்குப் பிடித்த குறி. 2006 பிப்ரவரியில் சவூதியின் அப்கைக் எண்ணெய் ஆலைமீது அல்-காய்தா வெடிகுண்டு வண்டிகளை ஓட்டிவந்தது, வாசலிலேயே தடுத்துவிட்டார்கள். 2013 ஜனவரியில் அல்ஜீரியாவின் இன் அமெனாஸ் எரிவாயு ஆலையில் ஏறத்தாழ 40 பிணையாளிகள் உயிரிழந்தார்கள். 2019 செப்டம்பரில் அதே அப்கைக்மீது ட்ரோன்களும் ஏவுகணைகளும் விழுந்து, நாளொன்றுக்கு 57 லட்சம் பீப்பாய் உற்பத்தி நின்றது. யேமனின் ஹூதி கிளர்ச்சியாளர்கள் பொறுப்பேற்றார்கள்; அமெரிக்காவும் சவூதியும் ஈரானைக் கைகாட்டின.

இதெல்லாம் கண்மாயின் கழுத்தைப் பிடிக்கும் வேலை. இப்படி ஒரே இடத்தை அடைத்தால் எல்லாருக்கும் வலிக்கும் வழிகளை 'நெரிமுனை' என்று சொல்லலாம். பாரசீக வளைகுடாவின் வாசலான ஹோர்முஸ் நீரிணை எல்லாவற்றிலும் பெரியது. 2023 நிலவரப்படி உலகம் செலவழிக்கும் எண்ணெயில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அந்த வழியாகப் போனது.

இதற்கு வைத்தியம் வீட்டு நெல் குதிர்தான். 1973இல் பட்ட அடிக்குப் பிறகு, 1975இல் அமெரிக்கா ஒரு சேமிப்பைச் சட்டமாக்கியது. டெக்சாஸ், லூசியானா கடற்கரைகளின் அடியில் உள்ள உப்புக் குகைகளில் 70 கோடி பீப்பாய்க்குமேல் கொள்ளும் கிடங்கு. விசாகப்பட்டினம், மங்களூரு, பாதூர் என்று மூன்று இடங்களில் இந்தியாவும் பாறைக் குகைகளில் சேமித்துவைக்கிறது. குதிரில் நெல் இருக்கும் வீட்டுக்காரர் ஒரு போகம் பொய்த்தாலும் வட்டிக்காரரிடம் ஓடமாட்டார். அதிர்ச்சி குறைந்தால் குறி வைப்பவருக்குக் கிடைக்கும் பலனும் குறைகிறது.

எரிபொருளைப் பற்றி இதுவரை பார்த்ததில் விளம்பரத்து வழி பலவீனமானது. படை வழி உண்மையானது, மெதுவானது. குதிர் வழி எளிமையானது, உறுதியானது. இனி உதவிக்கு வருவோம்.

உதவி என்றால் எந்த உதவி?

முதலில் அளவு. அமெரிக்க அரசின் செலவில் எத்தனை சதவீதம் வெளிநாட்டு உதவி என்று அங்கே கருத்துக்கணிப்புகளில் கேட்டால், கால்வாசி இருக்கும் என்பதுபோலப் பதில் வரும். பல காலமாக உண்மை ஏறத்தாழ 1 சதவீதம்.

அடுத்தது வகை. பள்ளி, மருந்து, கிணறு, சாலை இவற்றுக்குத் தருவது 'வளர்ச்சி உதவி'. துப்பாக்கி, பயிற்சி, ராணுவச் செலவுக்குத் தருவது 'பாதுகாப்பு உதவி'. செய்தியில் இரண்டையும் ஒரே தொகையாகச் சொல்வார்கள். 2001க்குப் பின் பாகிஸ்தானுக்குப் போன முதல் பத்தாண்டு அமெரிக்கப் பணத்தில் பெரும்பகுதி ராணுவத்துக்குப் போனது. பள்ளிக்கூடம் கட்டப் போனது சிறு பகுதி. அதைச் சரிசெய்ய 2009இல் ஐந்தாண்டுக்கு 750 கோடி டாலர் சிவில் உதவி என்று ஒரு சட்டம் வந்தது. ராணுவம் குடிமை அரசுக்குக் கீழ் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை அதில் பார்த்ததும் பாகிஸ்தான் ராணுவம் கொதித்தது. 2011 மே மாதம் அமெரிக்கப் படை பின் லேடனைக் கண்டுபிடித்துக் கொன்றது அந்நாட்டின் அபோட்டாபாத் நகரில், ராணுவ அகாடமிக்கு நடந்துபோகும் தூரத்தில்.

மூன்றாவது, பணத்தின் குணம். மாமா வந்து மகனின் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டுகிறார். அப்பா அதற்காக எடுத்துவைத்திருந்த பணத்தில் புல்லட் வாங்குகிறார். ரசீதைப் பார்த்தால் மாமாவின் பணம் படிப்புக்குத்தான் போயிருக்கிறது. உண்மையில் அவர் வாங்கிக்கொடுத்தது புல்லட். ஒரு செலவுக்கு வந்த பணம் இன்னொரு செலவுக்கு இடம் விட்டுக்கொடுப்பதை 'பணத்தின் இடம்மாறும் தன்மை' எனலாம். அரசுகளும் அந்த அப்பா மாதிரிதான்.

உதவியை அரசியலோடு முடிச்சுப் போட்டால் என்ன ஆகும் என்பது நம்மூர்ப் பெரியவர்களுக்குத் தெரியும். 1965-66 வறட்சியில் அமெரிக்கக் கோதுமையை நம்பி நாடு இருந்தபோது, அதிபர் ஜான்சன் கப்பல்களை மாதக் கணக்கில் அளந்து அளந்து விட்டார். வியட்நாம் போரை இந்தியா விமர்சித்ததும் அவர் எரிச்சலுக்கு ஒரு காரணம். பசி தீர்ந்தது. நன்றி மிஞ்சவில்லை. இனி யாரிடமும் கையேந்தக் கூடாது என்ற வைராக்கியம்தான் மிஞ்சியது. அன்றைய உணவு அமைச்சர் சி. சுப்பிரமணியம் பசுமைப் புரட்சியை வேகமாகத் தள்ளியதன் பின்னணி இது.

வறுமைதான் காரணமா?

மான்டெர்ரேயில் புஷ் பேசியதன் அடியில் ஓர் எண்ணம் இருக்கிறது: பசித்தவன் குண்டு எடுக்கிறான். கேட்க நியாயமாக இருக்கிறது. தகவல் அதோடு ஒத்துப்போகவில்லை.

செப்டம்பர் 11 தாக்குதலின் தலைவன் முகமது அட்டா ஹம்பர்க்கில் நகரத் திட்டமிடல் படித்தவன். பின் லேடனுக்கு அடுத்த இடத்தில் இருந்த அய்மன் அல்-ஜவாஹிரி அறுவை சிகிச்சை மருத்துவர். பின் லேடன் கோடீஸ்வரக் குடும்பம். பொருளாதார அறிஞர் ஆலன் க்ரூகர் தன் சக ஆய்வாளரோடு சேர்ந்து, லெபனானில் இறந்த ஹிஸ்புல்லா என்ற ஆயுத அமைப்பின் போராளிகளின் விவரத்தை எடுத்துப் பார்த்தார். அந்நாட்டுச் சராசரி இளைஞர்களைவிட அவர்கள் ஏழைகளாகவோ குறைவாகப் படித்தவர்களாகவோ இல்லை. சற்று மேலேதான் இருந்தார்கள்.

பரம ஏழைக்கு அடுத்த வேளைச் சோறுதான் கவலை. உலக அரசியலைப் பற்றிக் கோபப்பட ஓய்வும் படிப்பும் வேண்டும். ஆனால் வறுமையும் சீர்குலைந்த அரசும் சேரும் இடத்தில் பயங்கரவாத அமைப்புக்கு ஒளிய இடம் கிடைக்கிறது, கூலிக்கு ஆள் கிடைக்கிறது. 1990களின் ஆப்கானிஸ்தான் அப்படித்தான். தனி மனிதனைப் பயங்கரவாதி ஆக்குவது வேறு, அவன் அமைப்புக்கு நிலம் தருவது வேறு. உதவி தொடக்கூடியது இரண்டாவதை.

எந்த உதவி பலித்தது?

இராக்கில் அமெரிக்கத் தளபதிகளின் கையில் சில்லறைச் செலவுக்கு ஒரு நிதி இருந்தது: பள்ளிக்குக் கூரை, வாய்க்கால் தூர்வாரல், பம்பு செட். பின்னாளில் அதை ஆராய்ந்தவர்கள் 50,000 டாலருக்கு உட்பட்ட சிறு வேலைகள் நடந்த இடங்களில் வன்முறை குறைந்ததைக் கண்டார்கள். பெரிய திட்டங்களில் அந்தப் பலன் தெரியவில்லை. காரணம் நன்றியுணர்வு இல்லை, தகவல். பம்பு செட் ஓட வேண்டும் என்று ஊர் விரும்பினால், சாலையில் குண்டு புதைத்தவன் யார் என்பதை ஒருவர் காதில் போடுவார். இதற்கு அந்த ஊரைக் காக்கும் காவலும் பக்கத்தில் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் சொன்னவர் மறுநாள் இருக்கமாட்டார்.

பிலிப்பைன்ஸில் தலைகீழாக நடந்தது. ஏழை நகராட்சிகளுக்கான ஓர் உதவித் திட்டத்தில் மயிரிழையில் தேர்வான ஊர்களையும் மயிரிழையில் தவறிய ஊர்களையும் ஒப்பிட்டார்கள். தேர்வான ஊர்களில் மோதல் கூடியிருந்தது. திட்டம் பலித்தால் மக்கள் அரசு பக்கம் சாய்வார்கள் என்று பயந்த கிளர்ச்சியாளர்கள், தொடங்கும் முன்பே அடித்து நிறுத்தப் பார்த்திருக்கிறார்கள்.

ஆப்கானிஸ்தான் கதை தனி. இருபது வருடத்தில் புனரமைப்புக்கு மட்டும் ஏறத்தாழ 14,500 கோடி டாலர். பணம் குறைவாகப் போனது என்று யாரும் சொல்ல முடியாது. ஊர் உறிஞ்சக்கூடியதைவிட அதிகமாகக் கொட்டியதுதான் சிக்கல். படைத்தளங்களுக்கு உணவும் டீசலும் கொண்டுபோன 216 கோடி டாலர் லாரி ஒப்பந்தத்தை 2010இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்று விசாரித்தது. லாரிகள் அடிபடாமல் போக ஒப்பந்தக்காரர்கள் வழிநெடுக யுத்தப் பிரபுக்களுக்கு, அதாவது உள்ளூர் ஆயுதக் குழுத் தலைவர்களுக்கு, மாமூல் கொடுத்துவந்தார்கள். அதில் ஒரு பகுதி தாலிபானுக்கும் போயிருக்க வாய்ப்புண்டு என்றது அறிக்கை. ஜார்ஜின் பெட்ரோல் காசு பயங்கரவாதியைச் சென்றடைய எத்தனையோ கை மாற வேண்டும். இந்தக் காசுக்கு ஒரு சோதனைச் சாவடி போதும்.

ஒரு தடுப்பூசி முகாம்

உதவியையும் பாதுகாப்பையும் ஒட்டிப் பேசுவதில் இருக்கும் ஆபத்துக்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் ஒன்று.

2005 அக்டோபரில் பாகிஸ்தானின் வடக்கே பெரும் நிலநடுக்கம். வெளிநாட்டு உதவிக் குழுக்கள் மலையேறிப் போய்க் கூடாரம் போட்டன, காயத்துக்குக் கட்டுப் போட்டன. நாலு வருடம் கழித்து ஆய்வாளர்கள் போய்க் கேட்டபோது, நிலநடுக்கப் பிளவுக்கு அருகே, அதாவது அதிக உதவி கிடைத்த ஊர்களில், வெளிநாட்டவர்மீது நம்பிக்கை மற்ற ஊர்களைவிடக் கூடுதலாக இருந்தது. உள்நோக்கமில்லாமல் நேருக்கு நேர் வந்த கை அது.

2011இல் அபோட்டாபாத்தில் ஒரு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி முகாம் நடந்தது. பின் லேடன் இருப்பதாகச் சந்தேகித்த வீட்டிலிருந்து மரபணு மாதிரி எடுக்க அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ. உள்ளூர் மருத்துவர் ஒருவரை வைத்து நடத்திய ஏற்பாடு என்பது பிறகு வெளியே வந்தது. 2012 ஜூனில், ஆப்கன் எல்லையோரப் பகுதியான வடக்கு வசிரிஸ்தானில் தீவிரவாதத் தளபதிகள் போலியோ சொட்டு மருந்துக்குத் தடை போட்டார்கள். 2012 டிசம்பரிலிருந்து சொட்டு மருந்து கொடுக்கப் போன பெண்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 2014இல் பாகிஸ்தானில் 300க்கு மேற்பட்ட குழந்தைகளுக்குப் போலியோ வந்தது. அந்த ஆண்டு உலகில் வேறெந்த நாட்டிலும் அவ்வளவு இல்லை.

அதே 2014 மே மாதம் வெள்ளை மாளிகை, அமெரிக்கப் பொதுச் சுகாதாரப் பள்ளிகளின் தலைவர்களுக்குக் கடிதம் எழுதியது: தடுப்பூசித் திட்டங்களை உளவு வேலைக்கு சி.ஐ.ஏ. இனிப் பயன்படுத்தாது. பாகிஸ்தானில் சொட்டு மருந்துப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போகும் பெண்களுக்குப் பின்னால், அதற்குப் பிறகும் துப்பாக்கி ஏந்திய போலீஸ்காரர் ஒருவர் நடந்துகொண்டிருக்கிறார்.